மாதம் ஒரு காய்ச்சல்: டே கேரை நிறுத்தத்தான் வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எங்கள் மகளுக்குப் பதினாறு மாதம். எடை 10 கிலோ. வேளச்சேரியில் இருக்கிறோம், எனக்கும் கணவருக்கும் ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. ஜூன் மாதம் பாப்பாவை டே கேரில் சேர்த்தோம். அதுவரை ஒரு நாள்கூட உடம்பு முடியாமல் படுத்ததில்லை. சேர்த்த இரண்டாவது வாரமே சளி, காய்ச்சல். ஜூலையில் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆகஸ்டில் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம். செப்டம்பரில் காது வலி. இப்போது அக்டோபரில் மறுபடியும் காய்ச்சல், இருமல். சளிக்கு, வயிற்றுப்போக்குக்கு, காதுக்கு என்று மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது. எதிர்ப்புச் சக்தி குறைவா? டெஸ்ட் எடுக்க வேண்டுமா? டானிக் ஏதாவது உண்டா? மூக்கு ஒழுகினாலே டே கேரில் போன் போட்டு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். மறுநாள் டாக்டர் சர்டிபிகேட் கேட்கிறார்கள். எனக்கு லீவே மிச்சமில்லை. "ஒன்று வேலையை விடு, இல்லை பிள்ளையை என்கிட்ட விடு" என்கிறார் தென்காசியில் இருக்கும் மாமியார். என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், வேளச்சேரி)

பதில்:

அன்புள்ள வேளச்சேரி அம்மாவுக்கு,

ஐந்து மாதத்தில் ஐந்து தடவை. கடிதத்தைப் படித்ததும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். டே கேரில் புதிதாகச் சேர்ந்த, இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு முதல் வருடத்தில் எட்டு, பத்து, சில சமயம் பன்னிரண்டு தடவைகூடச் சளியும் காய்ச்சலும் வரும். ஒரு சளி முழுதாக அடங்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். பத்தைப் பத்தால் பெருக்குங்கள்: வருடத்தில் நூறு நாள் மூக்கு ஒழுகும். ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது ஒட்டிக்கொண்டால், "இவளுக்குச் சளி போகவே மாட்டேங்குது டாக்டர்" என்றுதான் எந்தத் தாய்க்கும் தோன்றும். உங்கள் பாப்பாவின் கணக்கு வழக்கமான கணக்குதான்.

"அதுவரை ஒரு நாள்கூட முடியாமல் இருந்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. வயிற்றில் இருந்தபோது நீங்கள் கொடுத்தனுப்பிய எதிர்ப்புப் பொருள்கள் பிறந்த முதல் சில மாதங்களுக்குத் துணை நின்றன. ஒரு வயதுக்குள் அவை கரைந்துவிடும். வீட்டில் அவள் பார்த்ததும் நாலைந்து முகங்கள்தான். டே கேரில் இருபது குழந்தைகள் என்றால் இருபது வீடுகள். அந்த வீடுகளில் அண்ணன் படிக்கும் பள்ளி, அப்பா தொங்கிக்கொண்டு வரும் ரயில், பாட்டி போய்வந்த கல்யாணம் எல்லாம் சேர்ந்து ஒரே பாயில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பிள்ளை வாயில் வைத்த கட்டை அடுத்த நிமிடம் இன்னொரு பிள்ளையின் வாயில் இருக்கும். சளிக்குக் காரணமான ரைனோ வைரஸில் மட்டும் 150க்கு மேல் வகைகள் உண்டு. ஒன்றை ஜெயித்தால் மற்றதற்கு அந்த ஜெயம் செல்லாது. அவள் உடம்பு ஒவ்வொன்றாகத்தான் பாடம் படிக்க வேண்டும்.

இந்தப் பாடம் வீணாகப் போவதில்லை. அமெரிக்காவில் டூசான் நகரத்துக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பதின்மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்து 2002இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெரிய டே கேரில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு வயதில் அடிக்கடி சளி பிடிக்கும் வாய்ப்பு, வீட்டில் வளர்ந்தவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் ஆறு வயதிலிருந்து பதினொன்று வரை அவர்களுக்குத்தான் சளி குறைவு. பதின்மூன்றில் இரு தரப்பும் சமம். தென்காசிக்கு அனுப்பினால் இந்தக் காய்ச்சல்களில் பெரும்பாலானவை எல்.கே.ஜி.க்காகக் காத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது: பதினாறு மாதத்தில் வரும் சளி, நாலு வயதில் வருவதைவிட எளிதாக நெஞ்சுக்கும் காதுக்கும் இறங்கும். இப்போது கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்தான்.

எதிர்ப்புச் சக்தி டெஸ்ட் இப்போதைக்கு வேண்டாம். வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா, நான்கு தடவையோ அதற்கு மேலோ காது சீழ், ஆழமான சீழ்க்கட்டிகள், ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் விடாத வெண்படலம், ஊசி வழியாகவே ஆன்டிபயாடிக் கொடுத்தால்தான் அடங்கும் தொற்றுகள், எடை ஏறாமல் நிற்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் நானே எழுதிக் கொடுப்பேன். நீங்களும் கணவரும் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்றாலோ, குடும்பத்தில் குழந்தைகள் தொற்றால் தவறியிருந்தாலோ, உங்கள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பிறவியிலேயே வரும் எதிர்ப்புக் குறைபாடு அப்படிப்பட்ட வீடுகளில் சற்று அதிகம். உங்கள் மகளின் 10 கிலோ, பதினாறு மாதப் பெண் குழந்தைக்கு நல்ல எடை. எனக்குப் பாதி நிம்மதி அதிலேயே வந்துவிட்டது.

டானிக்குக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். நம் ஊரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. வேலைக்குப் போகும் வீடுகளில் பாட்டில் பால் ஒரு லிட்டரைத் தொடும். வயிறு நிறைந்துவிடும், பாப்பா சோற்றைத் தள்ளிவிடும், இரும்புச்சத்து இறங்கும். பாலை நாளைக்கு அரை லிட்டருக்குள் வையுங்கள். முட்டை, கீரை, பருப்பு, சாப்பிடுகிறவர்கள் என்றால் கொஞ்சம் ஈரல். குறைவு என்று தெரிந்தால் இரும்புச்சத்து சொட்டு மருந்து. "இம்யூனிட்டி" என்று லேபிள் ஒட்டிய சிரப் எதையும் நான் என் பேரனுக்குக் கொடுக்கவில்லை.

ஆன்டிபயாடிக் மூன்று தடவை என்றீர்கள். காதுக்குக் கொடுத்தது சரி. இரண்டு வயதுக்குள் காது வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் நானும் கொடுத்திருப்பேன். சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொடுத்தது அநேகமாகத் தேவைப்பட்டிருக்காது. சளி பச்சையாக மாறினால் பாக்டீரியா என்று ஒரு நம்பிக்கை, மருத்துவர்களிடமும் இருக்கிறது. வைரஸோடு சண்டை போட வந்த வெள்ளணுக்களுக்குள் ஒரு நொதி இருக்கிறது, அதன் நிறமே பச்சை. மூன்றாம் நாள், நாலாம் நாள் மூக்கில் பச்சை வருவது இயல்பு. பத்து நாள் கடந்தும் குறையாமல் இருந்தால், அல்லது குறைந்து வந்தது திடீரென்று காய்ச்சலோடு ஏறினால், அப்போது வாருங்கள்.

இருமல் சிரப்பைத் தொடவே தொடாதீர்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்தது. அதையொட்டி மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது, ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாக வேண்டாம் என்று அறிவுறுத்தியது. கலப்படமே இல்லாத சிரப்பும் இந்த வயதில் இருமலைக் குறைப்பதில்லை, தூக்கத்தைத்தான் தருகிறது. ஒரு வயது தாண்டிவிட்டதால் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம். மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

பாட்டி வைத்தியத்தில் மூன்றை மட்டும் நான் கண்டிப்பாகத் தடுப்பேன். குளிப்பாட்டியபின் மூக்கில் எண்ணெய் விடுவது. அது நுரையீரலுக்குள் போனால் அதற்கென்றே தனி நிமோனியா வரும். நெஞ்சில் கற்பூரம் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். கற்பூரம் கொஞ்சம் வாய்க்குள் போனாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். மூன்றாவது சாம்பிராணி. எனக்கும் அந்த வாசனை பிடிக்கும், ஆனால் ஏற்கெனவே வீங்கிய மூச்சுக்குழாய்க்குப் புகை ஆகாது. கொசுவர்த்திச் சுருளும் சிகரெட்டும் அதே கணக்கில் சேரும். தயிரும் வாழைப்பழமும் பாவம், அவற்றை விட்டுவிடுங்கள். அவற்றால் சளி வருவதில்லை.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். 10 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சொட்டு மருந்து பாட்டிலில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், அதில் ஒன்றரை மில்லி. சிரப்பில் இரண்டு வகை: 5 மில்லியில் 125 என்றால் 6 மில்லி, 5 மில்லியில் 250 என்றால் 3 மில்லி. டே கேர் பையில் ஒரு பாட்டில், வீட்டில் வேறு பாட்டில் என்று வைத்து, அளவை மாற்றிக் கொடுத்த கதைகளை நான் மாதம் ஒன்று கேட்கிறேன். ஒரே வகையை வாங்குங்கள், பாட்டிலின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். இது ஐப்பசி, கார்த்திகை மாதம், ஊரெல்லாம் டெங்கு. ஐபுபுரூஃபென், மெஃபெனமிக் அமிலம் கலந்த காய்ச்சல் மருந்துகளை இந்தப் பருவத்தில் வீட்டிலேயே வைக்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விட்ட நாள்தான் ஆபத்தான நாள்: நாலாம், ஐந்தாம் நாள் உடம்பு குளிர்ந்த பிறகு குழந்தை சோர்ந்து துவண்டால், விடாமல் வாந்தி எடுத்தால், வயிற்றைத் தொட்டால் அழுதால், காத்திருக்க வேண்டாம்.

இருமலோடு இருக்கும் குழந்தைக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு, தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதுக்கு மேல் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அன்றே டாக்டரிடம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால் ராத்திரி இரண்டு மணி என்றாலும் ஆஸ்பத்திரி. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை எந்த நேரமும் திறந்திருக்கும், 108ஐக் கூப்பிடலாம். வயிற்றுப்போக்கில் ஆறு எட்டு மணி நேரம் டயபர் நனையாமல் இருந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால் அதே அவசரம். வீட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுதாகக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள், பதினான்கு நாள் ஜிங்க் 20 மில்லிகிராம். பழச்சாறு மாதிரி டப்பாவில் வரும் இனிப்புத் தண்ணீர் ஓ.ஆர்.எஸ். இல்லை, அந்தப் பெயரை அவற்றில் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்துவிட்டது.

இனி டே கேர். என்னிடம் வரும் பெற்றோர் டே கேரைப் பற்றிக் கேட்பது சி.சி.டி.வி. உண்டா, ஏ.சி. உண்டா, ஃபோனிக்ஸ் சொல்லித் தருகிறார்களா என்றுதான். நான் கேட்பது வேறு. ஒரே அறையில் எத்தனை குழந்தைகள்? டயபர் எங்கே மாற்றுகிறார்கள்? முதலாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஆறு பேர் இருக்கும் அறைக்கும் இருபத்தைந்து பேர் இருக்கும் அறைக்கும் நோய்க்கணக்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சிறியவர்களையும் மூன்று நாலு வயதுக்காரர்களையும் கலக்காமல் தனித்தனியாக வைத்திருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்குள்ளேயே ஐந்தாறு பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கள் வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் இருக்கிறார்கள்; பலகையும் வண்ணச் சுவரும் இருக்காது, ஆனால் இரண்டு வயது வரை நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிய, மத்தியானம் சொல்லாமல் போய்ப் பாருங்கள். டயபர் மாற்றும் இடமும் சோறு ஊட்டும் இடமும் ஒன்றாக இருந்தால் ஜூலை மாதத்து வயிற்றுப்போக்குக்கு விடை கிடைத்துவிட்டது. ஆயாம்மா ஒரு பிள்ளைக்குக் கழுவிவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு அடுத்த பிள்ளையைத் தூக்குகிறாரா? சானிடைசரைத் தடவிக்கொள்வது போதாது. வயிற்றுப்போக்கு வைரஸ்களும் கொப்புளம் வரவைக்கும் வைரஸும் அதற்கு அவ்வளவாக மசிவதில்லை, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அவற்றைக் கழுவித் தள்ளும். அவர் தோளில் ஒரு துண்டு தொங்கும், பாருங்கள். அந்த ஒரே துண்டால் பத்து மூக்கைத் துடைத்தால், அன்று ஒரு பிள்ளைக்கு இருந்த சளி வெள்ளிக்கிழமைக்குள் பத்துப் பேருக்கும். ஃபினாயில் வாசனையை வைத்துச் சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள்; தரைக்கும் பொம்மைக்கும் நீர்த்த பிளீச்சிங் கரைசல்தான் வேலை செய்யும். ஏ.சி. போட்டு ஜன்னலை அடைத்த அறையைவிட, ஃபேனும் திறந்த ஜன்னலும் கொசுவலையும் உள்ள அறை மேல். இதையெல்லாம் சண்டையாகப் பேச வேண்டாம். ஆயாம்மாவுக்குப் பத்துப் பிள்ளைகள், ஒரு குழாய். குழந்தைக்கு ஒரு கைக்குட்டை என்று பெயர் எழுதிக் கொடுத்தனுப்புங்கள், பெரும்பாலும் நடந்துவிடும்.

மூக்கு ஒழுகினாலே திருப்பி அனுப்புவதில் பயனில்லை. குழந்தைக்கு மூக்கு ஒழுகத் தொடங்கும் முன்பே வைரஸ் அடுத்த குழந்தைக்குப் போய்விடுகிறது. காய்ச்சல் இல்லை, விளையாடுகிறாள், சாப்பிடுகிறாள் என்றால் சளியோடு அனுப்பலாம். காய்ச்சல் என்றால் மருந்து இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இன்றி இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை. பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் வந்து ஐந்து நாள். மெட்ராஸ் ஐ என்றால் கண்ணில் நீரும் பூளையும் நிற்கும் வரை வீட்டில் வைப்பது மற்றவர்களுக்கு நல்லது. சாதாரணச் சளிக்கு நான் எழுதித் தரும் சர்டிபிகேட்டால் எந்த வைரஸும் பயந்து ஓடுவதில்லை. இந்தப் பத்தியைக் காட்டி டே கேர் மேடத்திடம் பேசிப் பாருங்கள்.

அதே சமயம் நம் பக்கத்துத் தப்பையும் சொல்லியாக வேண்டும். காலை எட்டு மணிக்கு 101 டிகிரி, ஒரு டோஸ் பாரசிட்டமால், எட்டரைக்கு டே கேர், பன்னிரண்டுக்குப் போன். அந்த மூன்றரை மணி நேரத்தில் பாய் முழுக்கப் பரவியிருக்கும். ஒன்பதரைக்கு மீட்டிங் இருக்கிற அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மகள் செய்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஜூன் மாதம் உங்கள் பாப்பாவுக்கு வந்ததும் அப்படி ஒரு பையில்தான் வந்திருக்கும். லீவு உங்களுடையது மட்டும் ஏன் தீர வேண்டும்? கணவருக்கும் லீவு உண்டு. 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும், தாய் நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்றது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. உங்கள் எச்.ஆரிடம் கேட்டீர்களா?

ஆகஸ்டில் வந்த கொப்புளம் கை கால் வாய் நோய். 2022இல் கேரளத்தின் கொல்லத்தில் "தக்காளிக் காய்ச்சல்" என்று பீதி கிளப்பியதும் பெரும்பாலும் இதுதான். வாய்ப்புண்ணால் சாப்பிட மறுப்பதைத் தவிரப் பெரிய தொந்தரவு தராது. மலத்தில் வைரஸ் சில வாரங்கள் இருக்கும் என்பதால் தழும்பு மறையும் வரை வீட்டில் வைத்துப் பயனில்லை. கை கழுவுவதுதான் வழி. ஒன்று கேட்க மறந்தேன்: இப்போது பாப்பாவின் விரல் நகம் அடியிலிருந்து உரிகிறதா? இந்த நோய் வந்து ஒன்றிரண்டு மாதத்தில் சிலருக்கு அப்படி ஆகும். பயப்பட வேண்டாம், புது நகம் வந்துவிடும்.

தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் இரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைப்பவை, அவை போட்டிருக்கும். 1990களில் நான் பயிற்சியில் இருந்தபோது வயிற்றுப்போக்கு வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள் கிடப்பார்கள். இன்று ரோட்டா மருந்து எவ்வளவோ குறைத்துவிட்டது. பதினாறு மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா இரண்டாவது டோஸ் போட வேண்டும். பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் அரசு அட்டவணையில் இடமில்லை, தனியாரிடம்தான். டே கேர் குழந்தைக்கு இரண்டையும் போடச் சொல்வேன். ஃப்ளூ ஊசி முக்கியம். சென்னையில் ஃப்ளூ ஏறுவது இந்த வடகிழக்குப் பருவமழையில்தான். முதல் வருடம் என்பதால் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ். இப்போதைய காய்ச்சல் அடங்கியதும் முதல் டோஸைப் போட்டுவிடுங்கள்.

மாமியார் விஷயம். குழந்தையை அனுப்ப வேண்டாம், வேலையையும் விட வேண்டாம். ஆனால் அவர் சென்னைக்கு வந்து இருக்கத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள். நவம்பர் முழுக்க மழை, மாதம் ஒரு காய்ச்சல், உங்களிடம் லீவு இல்லை. வீட்டில் ஓர் ஆள் இருந்தால் காலை எட்டு மணி டோஸ் கொடுத்து அனுப்ப வேண்டிய கட்டாயம் வராது. வந்தால் அவருக்கும் ஒரு ஃப்ளூ ஊசி போட்டுவிடுங்கள், குறிப்பாகச் சர்க்கரை இருந்தால். எண்ணெய், கற்பூரம், சாம்பிராணி பற்றி நீங்கள் சொல்ல வேண்டாம், டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.